வண்டலூர் போறீங்களா? ‘முழுசா பாத்துடணும்’னு கிளம்பாதீங்க!

பள்ளிக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு விட்டால், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, “வண்டலூர் போலாமா?” என்பதுதான். கேள்வி எழுவதற்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கும் நடுவே பெரும்பாலும் திட்டம் என்று எதுவும் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து, இட்லி சாப்பிட்டு, பாட்டியின் மாத்திரையை எடுத்து வைத்து, பத்தரைக்குக் கார் கிளம்பும். கிண்டி, குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து, பார்க்கிங் தேடி, டிக்கெட் வாங்கி உள்ளே நுழைய மணி பன்னிரண்டைத் தாண்டும். அந்த நேரத்தில் புலி நிழலில் படுத்திருக்கும். சிங்கம் கண்ணைக்கூடத் திறக்காது. “தாத்தா, புலி ஏன் எழுந்திருக்கவே மாட்டேங்குது?” என்று குழந்தை கேட்கும். “தூங்குதுடா கண்ணா, நாம அடுத்தது பாக்கலாம் வா” என்பார் தாத்தா. அடுத்ததும் தூங்கிக்கொண்டிருக்கும்.

மாலை நாலு மணிக்குக் கால்வலியோடு வெளியே வரும் குடும்பம், “பெருசா ஒண்ணும் இல்லப்பா” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. இந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல. வண்டலூரில் பார்க்க ஏராளம் இருக்கிறது. அதை ஒரு பொருட்காட்சி மாதிரி, ஒரே நாளில், வரிசையாக ‘முடித்துவிட’ நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

உயிர் காலேஜ் இருந்த இடம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855-ல் தொடங்கியது. மதராஸ் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், அருங்காட்சியகத்தில் உயிரோடு ஒரு விலங்கு இருந்தால் பார்க்க வரும் கூட்டம் பல மடங்கு பெருகுவதைக் கவனித்தார். ஆற்காடு நவாபிடம் பேசி அவரிடமிருந்த விலங்குகளைக் கேட்டு வாங்கினார். எழும்பூர் வளாகத்திலேயே ஆரம்பித்த அந்தத் தொகுப்பில் அடுத்த ஆண்டே முந்நூறுக்கும் மேல் உயிர்கள் சேர்ந்துவிட்டன. பிறகு 1860-களில் அது சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு, பின்னாளில் மூர் மார்க்கெட் வந்த இடத்துக்குப் பக்கத்தில், மாறியது.

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மூர் மார்க்கெட் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். மியூசியம் முதலில் கல்லூரிச் சாலையில் இருந்த ‘காலேஜ்’ கட்டிடத்தில் இயங்கியதால் வந்த பெயர் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். காணும் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் காலையில் செத்த காலேஜ், மதியம் உயிர் காலேஜ், சாயங்காலம் பீச் என்று மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போனார்கள். அது முடிந்தது. காரணம், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. 1953 வரை டிராமும் ஓடியது.

ஆனால், விலங்குகளுக்கு அது நல்ல இடமல்ல. சிறிய கம்பிக் கூண்டுகள், பக்கத்திலேயே ரயில் சத்தம், சுற்றிலும் சந்தை இரைச்சல். 1979-ல் வண்டலூர் காப்புக்காட்டில் சுமார் 510 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. 1985 ஜூலை 24 அன்று அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். பின்னர் மீட்பு, மறுவாழ்வு மையத்துக்கான நிலமும் சேர்ந்து இன்று மொத்தப் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,490 ஏக்கர். கம்பிக்குப் பதிலாக அகழி, சிமென்ட் தரைக்குப் பதிலாக மண்ணும் புதரும்.

பெயரும் மாறியது. ‘மிருகக்காட்சி சாலை’ போய் ‘உயிரியல் பூங்கா’ வந்தது. மிருகம் காட்சி கொடுக்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. அது விரும்பினால் வெளியே வரும், இல்லாவிட்டால் புதருக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். அப்படி மறைந்துகொள்ள இடம் இருப்பதுதான் நல்ல பூங்காவின் அடையாளம். நாம்தான் இன்னும் உயிர் காலேஜுக்குப் போகிற மனநிலையிலேயே போய்க்கொண்டிருக்கிறோம்.

2025 அக்டோபரில் சஃபாரிப் பகுதிக்குள் விடப்பட்ட ஒரு சிங்கம் சொன்ன நேரத்துக்கு இரவுக் கூண்டுக்குத் திரும்பாதது ஊர் முழுக்கச் செய்தியானது. ட்ரோன் வைத்துத் தேடினார்கள். பின்பு அதுவே திரும்பி வந்தது. ஊழியர்களுக்கே போக்குக் காட்டுகிற அளவு காடு இருக்கும் இடத்தில், காசு கொடுத்து வந்தவருக்கு அரை மணி நேரத்தில் சிங்கம் தெரிந்தாக வேண்டும் என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

எந்த நாள், எந்த நேரம்?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரம் ஒரு நாள் பார்வையாளர் இல்லாமல் பூங்காவை மூட வேண்டும் என்பது நாட்டில் அங்கீகாரம் பெற்ற எல்லா உயிரியல் பூங்காக்களுக்கும் உள்ள விதி. விலங்குகளுக்கு அன்று ஒரு நாளாவது மனிதக் குரல் கேட்காது. பொங்கல் மாதிரிப் பண்டிகை விடுமுறையில் செவ்வாய் வந்தால் திறந்திருக்கும் என்று அறிவிப்பதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டால் போதும். டிக்கெட்டையும் அதிலேயே எடுத்துவிடலாம், கவுன்டர் வரிசை மிச்சம்.

காலை 9 மணிக்குக் கதவு திறக்கிறது. அந்த 9 மணிக்கு வாசலில் நிற்பதுதான் மொத்தத் திட்டத்திலும் முக்கியமான விஷயம். சிங்கம் ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் வரை ஓய்வில் கழிக்கிற விலங்கு. புலி விடியலிலும் அந்தியிலும் நடமாடுவது. குரங்கும் பறவையும் காலையில்தான் சுறுசுறுப்பு. 9-க்கும் 11-க்கும் நடுவே உள்ள இரண்டு மணி நேரத்தில் பார்ப்பதை, 12-லிருந்து 4 வரை சுற்றினாலும் பார்க்க முடியாது. ஆகவே, வீட்டில் ஏழு மணிக்குக் கிளம்ப முடியாது என்றால், அன்றைக்கு வண்டலூர் வேண்டாம். பெசன்ட் நகர் பீச்சுக்குச் சாயங்காலம் போய் வரலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. வெயில் தணிந்திருக்கும், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரியில் தண்ணீர் இருந்தால் வலசைப் பறவைகளும் வந்திருக்கும். இந்த ஏரிக்குக் கட்டணமில்லை, கூண்டில்லை, பெரும்பாலோர் நிற்பதுகூட இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை என்பதற்காகக் கைக்குழந்தையையும் எழுபது வயதுப் பெரியவரையும் அக்னி நட்சத்திர வெயிலில் அழைத்துப் போவது தண்டனை. யானைக்குக்கூட அப்போது ஷவர் வைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். நமக்கு அந்த வசதியும் கிடையாது.

காணும் பொங்கல் அன்று போகவே வேண்டாம் என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். கூட்டமே அன்றைய கொண்டாட்டம் என்று நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். விலங்கைப் பார்க்க நினைப்பவர்கள் அதற்கடுத்த வாரம், புதன் அல்லது வியாழனில் ஒரு நாள் லீவு போட்டுப் போகலாம்.

காரை விட ரயில் மேல்

தி.நகர்க்காரர்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். மாம்பலத்தில் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால் நேராக வண்டலூர். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிதானா என்று மட்டும் ஏறும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். காலை வேளையில் ஊரை விட்டு வெளியே போகும் திசை என்பதால் உட்கார இடமும் கிடைக்க வாய்ப்பு அதிகம். டிக்கெட் செலவு, காரை எடுத்தால் ஆகும் பெட்ரோல், பார்க்கிங் பக்கத்திலேயே வராது. குழந்தைக்குப் புலியை விட ரயில்தான் அதிகம் பிடித்துப்போகும் என்பது பல வீடுகளின் அனுபவம். அதையும் திட்டத்தில் ஒரு ஐட்டமாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

மயிலாப்பூர், அடையாறுக்கு நிலைமை கொஞ்சம் சிரமம். திருமயிலையிலும் கஸ்தூரிபா நகரிலும் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது என்றாலும், அந்தப் பாதை வண்டலூர் போகாது. மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவிலோ பஸ்ஸிலோ மாம்பலம், அடையாறிலிருந்து சர்தார் பட்டேல் சாலை வழியாகக் கிண்டி என்று போய் அங்கே மின்சார ரயிலைப் பிடிப்பதே சுருக்கம். மெட்ரோ ரயில் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அதைக் கிளாம்பாக்கம் வரை நீட்டிக்கும் திட்டம் காகிதத்தில் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. குடும்பத்தோடு ஏறிப் போகிற ரயிலாக அது எப்போது மாறும் என்பது வேறு கதை.

2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம், பூங்காவுக்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் மாநகரின் பல பகுதிகளிலிருந்து அந்தத் திசைக்குப் பஸ் கூடியிருக்கிறது. அதே காரணத்தால், வெள்ளி இரவும் ஞாயிறு மாலையும் வண்டலூர் சுற்றுவட்டாரச் சாலைகளில் நெரிசலும் கூடியிருக்கிறது. கார்தான் என்று முடிவு செய்தவர்கள், நீண்ட விடுமுறை முடிகிற ஞாயிறு சாயங்காலம் அங்கிருந்து சென்னைக்குத் திரும்புவதைத் தவிர்க்கலாம். ஊருக்குப் போன பாதி சென்னை அப்போது அதே சாலையில்தான் திரும்பிக்கொண்டிருக்கும்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஜிஎஸ்டி சாலையைக் கடக்க வேண்டும். “நான் பெரியவன், நானே வரேன்” என்று ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு சொன்னாலும் அந்த இடத்தில் கையை விடக் கூடாது.

நாலு போதும்

உள்ளே போனதும் முதல் கூண்டிலிருந்து வரிசையாகப் போவதுதான் எல்லோரும் செய்வது. குரங்குகளிடம் இருபது நிமிடம், பறவைகளிடம் இருபது நிமிடம், செல்ஃபி பத்து நிமிடம் என்று போய், பெரிய விலங்குகளை எட்டும்போது வெயில் உச்சியில் இருக்கும். அதற்குப் பதில், முந்தைய நாள் இரவே குழந்தைகளிடம் ஆளுக்கு ஒரு விலங்கு சொல்லச் சொல்லலாம். பாட்டிக்கும் ஒரு சாய்ஸ். நாலைந்துதான் பட்டியல். அவை இருக்கும் இடங்களை வரைபடத்தில் பார்த்து அங்கே முதலில் போய், ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் நீர்யானை மூச்சு விட மேலே வருவதும், தாய்க் குரங்கு குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதும் கண்ணில் படும். போகிற வழியில் மற்றவை தென்பட்டால் லாபம்.

எதற்கு முன்னால் நிற்பது என்பதிலும் ஒரு கருத்து உண்டு. வண்டலூரில் எப்போதும் கூட்டம் மொய்ப்பது வெள்ளைப் புலியிடம்தான். அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால், வெள்ளைப் புலி என்று தனி இனம் எதுவும் கிடையாது. வங்கப் புலியில் அபூர்வமாக நேரும் ஒரு மரபணு மாற்றம் அந்த நிறம். 1951-ல் ரேவா காட்டில் மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியிலிருந்துதான் உலகின் பெரும்பாலான வெள்ளைப் புலிகளின் வம்சம் தொடங்குகிறது. நிறம் போய்விடாமல் இருக்க மோகனை அதன் மகளோடேயே இணை சேர்த்தார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே தொடர்ந்த இனப்பெருக்கம், மாறுகண் போன்ற குறைகளைச் சந்ததிக்குக் கொண்டு வந்தது. மனிதன் வேடிக்கை பார்ப்பதற்காகவே பெருக்கிய உயிர் அது.

அதற்குக் கொஞ்சம் தள்ளி, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரியோடு சிங்கவால் குரங்கு உட்கார்ந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகிப் போன காட்டில் எஞ்சியிருப்பவை சொற்பம். அதைப் பூங்காவில் வைத்து இனம் பெருக்கும் பணியில் வண்டலூருக்கு முக்கியப் பங்கு இருக்கிறது. அந்தக் கூண்டின் முன்னால், “ஓ, குரங்கா” என்று இரண்டு விநாடியில் நகர்ந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு ஒரே ஒரு விலங்கைப் பற்றித்தான் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கிறது என்றால், அது இந்த நம்மூர்க் குரங்காக இருக்கட்டும்.

நடக்க முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டி உண்டு, வாடகை சைக்கிளும் உண்டு. பாட்டி, தாத்தா வருகிறார்கள் என்றால் பேட்டரி வண்டிக்கு நுழைந்த உடனேயே சொல்லிவிட வேண்டும். கால் வலிக்க ஆரம்பித்த பிறகு தேடினால் வரிசையில் நின்று இன்னும் வலிக்கும். “எனக்கு எதுக்கும்மா வண்டி, நான் நடந்துடுவேன்” என்று மாமியார் சொல்வார். நம்ப வேண்டாம். மருமகள் செலவு செய்கிறாளே என்று சொல்வது அது.

பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் டப்பாவுக்கு உள்ளே இடமில்லை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், தொப்பி, பிள்ளைக்கு ஒரு மாற்றுத் துணி போதும். சாப்பாட்டு மூட்டையோடு போகிற பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். காலையில் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்பி, பன்னிரண்டரைக்கு வெளியே வந்து மதியச் சாப்பாடு, மூன்று மணிக்கு வீடு. இவ்வளவுதான் ஒரு நாள். மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், பூங்கா எங்கும் போய்விடாது.

“ஏய், எழுந்திரு” என்று கத்தும் அப்பாக்கள்

படுத்திருக்கும் விலங்கை எழுப்பக் கத்துவது, கைதட்டுவது, கல்லெறிவது இதெல்லாம் பெரும்பாலும் குழந்தைகள் செய்வதல்ல. கூட வந்த பெரியவர்கள், குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் செய்வது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 38-ஜே பிரிவு, பூங்கா விலங்கைச் சீண்டுவது, அதற்குத் தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொல்லை செய்வது, வளாகத்தில் குப்பை போடுவது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள். அப்பா செய்வதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

தீனி விஷயம் இன்னும் மோசம். ஒரு சிப்ஸ் என்ன செய்துவிடும் என்று நினைக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் குரங்கின் முன்னால் வந்த ஆயிரம் பேரும் அதையேதான் நினைத்திருப்பார்கள். அடையாறுக்காரர்களுக்கு உதாரணம் தூரத்தில் இல்லை. ஐஐடி வளாகத்தில் இறந்துபோன மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் உருண்டைகளை எடுத்த செய்தி எத்தனையோ முறை வந்திருக்கிறது. உப்பும் எண்ணெயும் ஒட்டிய பையை மான் தின்பண்டமாகவே நினைத்து விழுங்கிவிடுகிறது.

நோயும் இரு வழிப்பாதை. 2021 ஜூனில் வண்டலூரின் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கமும், 16-ம் தேதி பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. அப்போது பூங்கா மூடியிருந்தது, பார்வையாளர் யாரும் இல்லை. மனிதருக்கு வந்த கிருமி அகழியைத் தாண்டிப் போய்விட்டது என்பதுதான் விஷயம். வீட்டில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவது குழந்தைக்கும் நல்லது, அங்கே இருப்பவற்றுக்கும் நல்லது.

தடுப்புச் சுவர் மேல் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுப்பவர்களை இப்போதும் பார்க்கலாம். 2014-ல் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிரிழந்தார். 2016-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மூன்று வயதுச் சிறுவன் கொரில்லாவின் அகழிக்குள் விழுந்தபோது, பையனைக் காப்பாற்ற ஹராம்பே என்ற அந்தக் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். எந்தத் தப்பும் செய்யாத விலங்கு அது.

800 ரூபாய்க் கேள்வி

இதுவரை சொன்னது குடும்பங்களுக்கு. அரசுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு 115 ரூபாயாக இருந்த நுழைவுக் கட்டணம் 200 ஆக உயர்ந்தது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா நால்வரும் நுழையவே 800. பேட்டரி வண்டி தனி, சஃபாரி தனி, சாப்பாடு தனி. தி.நகர் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு இது ஒரு மால் போய் வருகிற செலவு. அதே தி.நகரில் ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்ப்பவருக்கு, மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்பவருக்கு, பல நாள் கூலி.

கட்டண உயர்வுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பூங்காவின் செலவில் பெரும்பங்கு டிக்கெட் வருமானத்திலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. கொரோனா காலத்தில் கதவு மூடியதும் தீனிக்கான பணமே கேள்விக்குறியானது. கட்டணம் கூடினால் கூட்டம் குறையும், விலங்குக்கு நிம்மதி என்ற வாதமும் உண்டு. ஆனால், அப்படிக் குறைகிற கூட்டம் யாருடையது என்று பார்க்க வேண்டும். டிராமில் ஏறி உயிர் காலேஜுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் வாசலில் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்புகிறார்கள். 1985-ல் விலங்குகளுக்கு இடம் கொடுக்க ஊர் முப்பது கிலோமீட்டர் தூரத்தை ஏற்றுக்கொண்டது, அது சரியான முடிவு. அந்தத் தூரத்தின் மேல் இந்தக் கட்டணமும் சேர்ந்தால் ‘மக்கள் பூங்கா’ என்ற பழைய பெயருக்கு என்ன அர்த்தம்?

ஞாயிறுக்கும் பண்டிகை நாளுக்கும் இப்போதைய கட்டணம் இருக்கட்டும். புதன், வியாழனில் பாதியாக்கலாம். கூட்டம் வாரம் முழுக்கப் பரவும், ஞாயிற்றுக்கிழமை இரைச்சல் குறையும். குடும்ப அட்டையைக் காட்டினால் ஆண்டுக்கு ஒரு முறை குடும்பத்துக்கு ஒரே கட்டணம் என்றும் யோசிக்கலாம். இதற்குப் புதிதாக எந்தக் கட்டிடமும் கட்ட வேண்டியதில்லை.

வண்டலூர் வேண்டாம் என்றால்?

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை, முட்டிவலி உள்ள பாட்டி. இந்த இரண்டில் ஒன்று வீட்டில் இருந்தாலே முதல் தேர்வு வண்டலூர் அல்ல, கிண்டிதான். அடையாறிலிருந்து பத்து நிமிடம், மயிலாப்பூர், தி.நகரிலிருந்து அரை மணி. ஆளுநர் மாளிகைக் காட்டை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்கா வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்; நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அதன் ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவைப் புதுப்பித்து 2024-ல் திறந்திருக்கிறார்கள். நடை குறைவு, நிழல் அதிகம், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். புலி, சிங்கம் கிடையாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு மானும் மயிலும் புலியை விட எந்த வகையிலும் குறைவில்லை.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1972-ல் இங்கே அமைத்தது. இதற்குத் தனி டிக்கெட். பாம்பு என்றாலே அடித்துக் கொல்லும் பழக்கம் உள்ள ஊரில், எது நஞ்சுள்ளது, எது சாரை என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளைகள் பார்த்துக்கொள்வது உருப்படியான காரியம். இவை இரண்டுக்கும் செவ்வாய்தான் விடுமுறை.

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள், கார் இருக்கிறது, திருவான்மியூர் தாண்டிக் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றால், ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அழியும் நிலையில் இருந்த இந்திய முதலை இனங்களைக் காப்பாற்ற 1976-ல் ரோமுலஸ், ஜாய் விட்டேகர் தம்பதி தொடங்கியது. பாம்புக் கடிக்கு மருந்து செய்யும் நிறுவனங்களுக்காக நஞ்சு எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கமும் வடநெம்மேலியில்தான் இருக்கிறது. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் இருளர் பாம்புபிடி வல்லுநர்கள். போகிற வழியில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொண்டே போகலாம். இங்கே விடுமுறை திங்கட்கிழமை. செவ்வாயன்று லீவு கிடைத்து, வண்டலூரும் கிண்டியும் மூடியிருக்கிறதே என்று விழிப்பவர்களுக்கு இது திறந்திருக்கும். காலையிலேயே போனால் பதினோரு மணிக்குள் பார்த்து முடித்து, வெயில் ஏறும் முன் மாமல்லபுரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடலாம்.